ஒரு லட்சம் கொடுத்து மெல்லிய லேப்டாப் வாங்குமுன்

ஒன்றரைக் கிலோவுக்குள் எடை, அலுமினியத்திலோ மெக்னீசியத்திலோ செய்த உடல், ஒரு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ விலை. இந்த வகையில் எந்த லேப்டாப்பை எடுத்தாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடையில் பத்து நிமிடம் தொட்டுப் பார்த்தால் எல்லாமே வேகமாகத்தான் தெரியும். வித்தியாசம் வீட்டுக்கு வந்து சில மாதம் ஆன பிறகே தெரிய வரும்.

தடிமனான லேப்டாப்பில் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) போதவில்லை என்றால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஸ்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மெல்லிய லேப்டாப்பில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சிலவற்றில் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும். போர்ட் கூடுதலாக வைக்க முடியாது, விசிறி இல்லாத மாடலில் விசிறி சேர்க்க முடியாது, திரையை வேறு வகைக்கு மாற்றுவதும் கட்டுப்படியாகாது. பில் போடும் நேரத்தில் எடுக்கும் முடிவோடுதான் ஐந்து வருடம் ஓட்டியாக வேண்டும். அதனால் மாற்ற முடியாதவற்றை முதலில் தீர்மானியுங்கள். எடை, நிறம், பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எடுத்துக்காட்டுக்கு வரும் மாடல்கள் 2024, 2025-ல் வெளிவந்தவை.

முதல் படி: எதை ஓட்டப் போகிறீர்கள், எதைச் செருகப் போகிறீர்கள்

ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்று, நீங்கள் திறக்கும் மென்பொருள்கள். மற்றது, லேப்டாப்பில் செருகும் பொருள்கள்: பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ப்ரொஜெக்டர் எல்லாமே. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படுவதையும் விடாமல் எழுதுங்கள். வாங்கிய பிறகு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதில்தான்.

சந்தையில் இருப்பவை மூன்று வகை. ஆப்பிள் மேக்புக் ஒன்று. இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களில் ஓடும் வழக்கமான விண்டோஸ் லேப்டாப்கள் இரண்டு. ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசசரில் ஓடும் ஆர்ம் விண்டோஸ் லேப்டாப்கள் மூன்று (ஆர்ம் என்பது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறான ப்ராசசர் வகை). மூன்றாவது வகை பார்ப்பதற்கு இரண்டாவதைப் போலவே இருக்கும், திரையில் அதே விண்டோஸ் 11 தெரியும். அதனால் தெரியாமலே அதை வாங்கிவிடுபவர்கள் உண்டு.

கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸில் மட்டுமே ஓடும். பொறியியல் வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஸ்டாட் ப்ரோவும் அப்படியே. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் உள்ள எல்லா வசதியும் அதில் கிடையாது. ‘மேக் வாங்கி அதில் விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், அது இன்டெல் மேக் காலத்துப் பேச்சு. ஆப்பிளின் சொந்த ப்ராசசரான எம்1 முதல் வந்த மேக்குகளில், விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட் கேம்ப் வசதி கிடையாது. பேரலல்ஸ் போன்ற கட்டண மென்பொருளுக்குள் விண்டோஸை ஓட்டலாம், ஆனால் அங்கே ஓடுவதும் ஆர்ம் விண்டோஸ்தான். சிறு தேவைகளுக்கு அது போதும். தினமும் எட்டு மணி நேரம் செய்யும் வேலையை அதன்மேல் வைக்காதீர்கள்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்பைப் பற்றி ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்டெலுக்காக எழுதிய சாதாரண மென்பொருளை ஆர்ம் விண்டோஸ் தானே மாற்றி ஓட்டிக்கொள்ளும், பெரும்பாலும் அது நன்றாகவே ஓடும். டிரைவர்களுக்கு, அதாவது செருகும் கருவிகளை இயக்கும் மென்பொருளுக்கு, அந்த வசதி கிடையாது. ஆர்முக்கென்று தனியாக எழுதிய டிரைவர் இல்லாத கருவி வேலை செய்யாது. பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, அலுவலக விபிஎன், கையெழுத்து டோக்கன் எல்லாம் இந்த இடத்தில்தான் சிக்கும். ஒவ்வொரு கருவிக்கும் அதன் தயாரிப்பாளர் ஆர்ம் விண்டோஸ் டிரைவர் தருகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

தமிழ்த் தட்டச்சுக்கு எந்த வகையிலும் தடை இல்லை. மேக்கில் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் 11-லும் தமிழ் 99 முறையும் ஒலிபெயர்ப்பு முறையும் மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளக் கிடைக்கும். யூனிகோடில் எழுதுபவர் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் பேஜ்மேக்கரிலும் கோப்புகள் குவித்து வைத்திருக்கும் அச்சகத்தார், டிடிபி செய்பவர்கள் மட்டும் இன்டெல் அல்லது ஏஎம்டி விண்டோஸை விட்டு நகர வேண்டாம்.

இரண்டாம் படி: ப்ராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள்

‘கோர் அல்ட்ரா 7’ என்று சொல்லித்தான் விற்பார்கள். அந்தப் பெயரில் மட்டும், மெல்லிய லேப்டாப்களுக்கென்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வகை ப்ராசசர்கள் வந்திருக்கின்றன.

255யு என்பது 12 கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ளது. அதில் வேகமான கோர் இரண்டுதான். அலுவலக வேலைக்கு ஏற்றது. 255எச் என்பது 16 கோர். ஆறு வேகமான கோர்கள் இருப்பதால் புரோகிராம் கம்பைல் செய்வது, வீடியோ எக்ஸ்போர்ட் போன்ற கனமான வேலைகளைத் தாங்கும். சூடும் மின்செலவும் அதற்கேற்பக் கூடும். 258வி என்பது 8 கோர் மட்டுமே. ஆனால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் இன்டெல் 2024-ல் செய்த பெரிய முன்னேற்றம் இதில்தான். விசிறிச் சத்தம் குறைவு, பேட்டரி நீண்ட நேரம் நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து ‘258 பெரிது, அதனால் அதுதான் வேகம்’ என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

வி வரிசையில் ரேம் ப்ராசசரோடு சேர்ந்தே வருகிறது, அதிகபட்சம் 32 ஜிபி. எவ்வளவு ரேம் என்பதை மாடல் எண்ணின் கடைசி இலக்கமே சொல்லிவிடும். 6-ல் முடிந்தால் 16 ஜிபி, 8-ல் முடிந்தால் 32 ஜிபி. 256வி, 258வி இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அதுதான். ஆன்லைன் விளம்பரத்தில் ரேம் அளவைத் தவறாகப் போட்டிருந்தாலும் இந்த எண்ணைப் பார்த்துப் பிடித்துவிடலாம்.

ஏஎம்டியில் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 என்பது 12 கோர், 24 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணிகள்). விசிறியுள்ள மெல்லிய உடலில் நீண்ட நேரம் கனமான வேலை செய்ய நல்ல தேர்வு. ஆப்பிளில் எம்2, எம்3, எம்4 எதுவானாலும் அன்றாட வேலைக்கு வேகம் போதும். அங்கே ஒப்பிட வேண்டியவை ரேமும், இணைக்க முடிகிற மானிட்டர் எண்ணிக்கையும். எம்2 மேக்புக் ஏரில் ஒரு வெளி மானிட்டர்தான். எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு.

‘ஏஐ பிசி’ என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகளுக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி உண்டு. வி வரிசை, ஸ்னாப்டிராகன் எக்ஸ், ரைசன் ஏஐ 300 வரிசை ஆகியவற்றில் அது இருக்கிறது, 255எச்-இல் இல்லை. அந்த வசதிகள் இல்லாததால் நின்றுபோகும் வேலை அநேகருக்கு எதுவும் இல்லை.

மூன்றாம் படி: ரேம்

இங்கே கஞ்சத்தனம் செய்தால் பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது. 8 ஜிபி மாடலை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஆப்பிளே 2024 அக்டோபரில் ஏர் மாடல்களின் தொடக்க ரேமை 16 ஜிபிக்கு உயர்த்திவிட்டது. அதற்கு முன் வந்த 8 ஜிபி பெட்டிகள் இன்னும் சில கடைகளில் கிடக்கலாம். பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படித்துப் பாருங்கள்.

16-ஆ 32-ஆ என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இப்போது வைத்திருக்கும் கணினியிலேயே அளக்கலாம். வேலை உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைப் பாருங்கள், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரைப் பாருங்கள். பயன்பாடு 10 ஜிபிக்குள் இருந்தால் 16 தாராளம். 12-ஐத் தாண்டினால் 32-க்குப் போங்கள். இந்த லேப்டாப்களில் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டாக்கர், விர்ச்சுவல் மெஷின், லைட்ரூம் பயன்படுத்துபவர்கள் அளந்து பார்க்கவே வேண்டாம், 32 எடுத்துவிடலாம்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் கதை வேறு. பெரும்பாலான விண்டோஸ் மாடல்களில் கீழ்மூடியைத் திறந்து எஸ்எஸ்டியைப் பிற்பாடு மாற்றலாம். நீளம் மட்டும் ஒன்றுபோல் இருக்காது. சில மாடலில் 80 மி.மீ., சர்ஃபேஸ் லேப்டாப் போன்றவற்றில் 30 மி.மீ. தான். மேக்புக் ஏரில் மாற்றவே முடியாது. 2025-ல் எம்4 ஏர் வந்தபோது ஆப்பிள் இந்தியாவில் அடுத்த அளவுக்கு ஏற 20,000 ரூபாய் கேட்டது. தொடக்கப் படிகளில் ரேமுக்கும் ஸ்டோரேஜுக்கும் ஒரே கட்டணம்தான். கையில் 20,000 மட்டும் கூடுதலாக இருந்தால் அதை ரேமில் போடுங்கள். இடப் பற்றாக்குறையை வெளி எஸ்எஸ்டி வைத்துச் சமாளிக்கலாம். ரேமுக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது.

நான்காம் படி: சூடு

நம் ஊருக்கு இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். மேக்புக் ஏரில் விசிறி கிடையாது. சத்தமே வராது, தூசி உள்ளே போகாது, அந்த அளவில் அருமையான வடிவமைப்பு. ஆனால் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் சில நிமிடங்களில் உடல் சூடாகி, ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலைக்கு இதைக் கவனிக்கவே மாட்டீர்கள். நாற்பது நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தால் நன்றாகவே தெரியும். ஆப்பிள் குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகலில் ஏசி இல்லாத அறை அந்த எல்லையைத் தாண்டியே இருக்கும். லேப்டாப் கெட்டுவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேகம் முன்கூட்டியே குறையும், சூட்டில் சார்ஜ் ஏறுவது தாமதமாகும், பேட்டரியின் ஆயுள் வேகமாகக் கரையும்.

கனமான வேலை தினமும் உண்டு, அறையில் ஏசி இல்லை என்றால் விசிறியுள்ள லேப்டாப்பையே எடுங்கள். ஆப்பிள்தான் வேண்டும் என்றால் 14 இன்ச் மேக்புக் ப்ரோ. அதன் எடை 1.55 கிலோவில் தொடங்குகிறது, 13 இன்ச் ஏரைவிட முந்நூறு கிராம் கூடுதல். விசிறியுள்ள மெல்லிய லேப்டாப்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் காற்றை இழுக்கும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் அந்தத் துளைகள் அடைபட்டு, விசிறி இல்லாததைவிட மோசமாகிவிடும். ஒரு பலகையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: திரை

ரெசல்யூஷன் எண்களை ஒதுக்கிவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது வெளிச்சம், நிட்ஸ் கணக்கில். 300 நிட்ஸ் வீட்டுக்குள் போதும். ஜன்னலோரம், ரயில், கல்லூரி வராந்தா என்று உட்கார்பவருக்கு 400-க்குக் குறையக் கூடாது. மேக்புக் ஏர் 500. இரண்டாவது நிறம். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். விவரப் பட்டியலில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று எழுதியிருந்தால் அது மங்கலான, சிவப்பு சரியாக வராத திரை. அலுவலக வரிசை லேப்டாப்களின் விலை குறைந்த மாடல்களில் இது அடிக்கடி வரும். ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று இருக்க வேண்டும். கல்யாண ஆல்பம், அட்டை வடிவமைப்பு செய்பவர்கள் இதற்குக் கீழே இறங்கவே கூடாது.

மூன்றாவது ஓஎல்இடியா எல்சிடியா என்பது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது வேகமாக அணைந்து எரியும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாக வந்து சேரும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். திரை வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, உங்கள் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தத் திரையில் மினுக்கம் இருக்கிறது. அசூஸ் லேப்டாப்களில் மைஅசூஸ் செயலிக்குள் இதைத் தவிர்க்கும் அமைப்பு உண்டு. இன்னொன்று, நாள் முழுவதும் வெள்ளைப் பக்கத்தில் எழுதுபவருக்கு ஓஎல்இடி கூடுதல் பேட்டரி தின்னும், ஏனென்றால் அதில் வெள்ளைதான் அதிக மின்சாரம் இழுக்கும் நிறம்.

ஆறாம் படி: பேட்டரியை நீங்களே கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் வரும் 20 மணி, 25 மணி எல்லாம் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவை ஓட்டி அளந்தவை. அதைவிட எளிய கணக்கு இருக்கிறது. பேட்டரியின் வாட்-ஹவரை (அது சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு), லேப்டாப் சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். அசூஸ் ஜென்புக் எஸ் 14-இல் 72 வாட்-ஹவர். எழுத்து வேலையில் 6 வாட் இழுத்தால் 12 மணி. திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 13-ஆம் தலைமுறையில் 57. அதே 6 வாட்டுக்கு ஒன்பதரை மணி. வீடியோ அழைப்பில் 12 வாட் வரை ஏறினால் இரண்டிலும் நேரம் பாதியாகும். திங்க்பேடின் எடை ஒரு கிலோவுக்கும் கீழே வந்ததற்குச் சிறிய பேட்டரியும் ஒரு காரணம். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

மின்வெட்டுள்ள ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இவை பெரும்பாலும் யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஏறும், அதனால் 65 வாட் தரும் பவர் பேங்க் இருந்தால் போதும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-ஹவர். மாற்றத்தில் வீணாவது போக 60 அளவில் கிடைக்கும், ஏறக்குறைய ஒரு முழு சார்ஜ். கேபிளையும் பாருங்கள். சாதாரண சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. 100 வாட் என்று எழுதிய கேபிள்தான் வேண்டும்.

ஏழாம் படி: போர்ட்

டெல் எக்ஸ்பிஎஸ் 13-இல் இரண்டு சி போர்ட் தவிர வேறு எதுவும் இல்லை, ஹெட்போன் துளைகூடக் கிடையாது. மேக்புக் ஏரில் இரண்டு தண்டர்போல்ட் (சி வடிவிலேயே உள்ள வேகமான போர்ட்), ஹெட்போன் துளை, சார்ஜுக்குக் காந்தத்தால் ஒட்டும் மேக்சேஃப். ஜென்புக் எஸ் 14-இல் மேக்சேஃப் கிடையாது, ஆனால் இரண்டு தண்டர்போல்ட், ஹெட்போன் துளையோடு எச்டிஎம்ஐயும் ஒரு பழைய யுஎஸ்பியும் உண்டு. எக்ஸ்1 கார்பனில் எச்டிஎம்ஐயோடு பழைய யுஎஸ்பி இரண்டு. வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் அடாப்டர் தேட வேண்டி வரும் என்றால், போர்ட் உள்ள லேப்டாப்பே உங்களுக்குச் சரி. அடாப்டர் எப்போதும் வீட்டில்தான் கிடக்கும்.

யாருக்கு எது

ஆடிட்டர், கணக்கர், வரி ஆலோசகர்: இன்டெல் விண்டோஸ், சந்தேகமே வேண்டாம். டேலி, டோக்கன், பென்டிரைவ் எல்லாம் வேண்டும், எக்செலில் நாள் முழுக்க விரல் ஓட வேண்டும். எக்ஸ்1 கார்பனின் கீபோர்டு இந்த அளவில் கிடைக்கும் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. எண்களுக்குத் தனிப் பகுதி கட்டாயம் வேண்டும் என்றால் எல்ஜி கிராம் 16 அல்லது 17. 17 இன்ச் திரை இருந்தும் எடை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். அதன் உடல் அழுத்தினால் சற்று வளையும், அது எடையைக் குறைத்ததற்கான விலை. பயந்துவிட வேண்டாம்.

மென்பொருள் எழுதுபவர்: வெப், ஆப் வேலை என்றால் 24 அல்லது 32 ஜிபி மேக்புக் ஏர் மிக நல்ல தேர்வு. ஐபோன் ஆப் எழுத மேக்தான் வேண்டும். இன்டெல் சர்வருக்கான டாக்கர் இமேஜ்களையே தினமும் ஓட்டுகிறவர் மட்டும் யோசிக்க வேண்டும். மேக்கிலும் ஸ்னாப்டிராகனிலும் அவை மெதுவாக ஓடும். அவர்களுக்கு 255எச் அல்லது ரைசன் ஏஐ 9 உள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸ் லேப்டாப் ஏற்றது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் திங்க்பேட் பக்கம் போங்கள்.

பொறியியல் மாணவர்: முதலாண்டிலேயே மேக் வாங்கிவிட்டு, மூன்றாம் ஆண்டில் மெக்கானிக்கல், சிவில் மென்பொருள் வரும்போது திண்டாட வேண்டாம். உங்கள் துறைச் சீனியர்களிடம் மென்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உண்மையில் இந்தத் துறைகளுக்கு மெல்லிய பிரீமியம் வகையே பொருத்தமில்லை. அதே பணத்தில் தனி கிராபிக்ஸ் உள்ள, இரண்டு கிலோ லேப்டாப் வாங்கினால் உருப்படியாக இருக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ், கலை, வணிகவியல், சட்டம் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எம்4 ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது. ஆப்பிள் மாணவர்களுக்குத் தனி விலையும் வைத்திருக்கிறது.

ஆசிரியர், பயிற்சியாளர்: எச்டிஎம்ஐ உடம்பிலேயே இருக்கட்டும். பழைய விஜிஏ ப்ரொஜெக்டர் உள்ள வகுப்பறைக்கு எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் ஒன்றைப் பையில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.

எழுத்தாளர், நிருபர்: நாள் முழுக்கப் பேட்டரி, நல்ல கீபோர்டு, குறைந்த எடை, அவ்வளவுதான் தேவை. 13 இன்ச் ஏர், 258வி உள்ள ஜென்புக், ஸ்னாப்டிராகன் சர்ஃபேஸ் லேப்டாப் மூன்றுமே சரி. சர்ஃபேஸின் திரை 3:2 விகிதம், உயரம் கூடுதல் என்பதால் ஒரே பார்வையில் அதிக வரிகள் தெரியும். ஸ்னாப்டிராகனின் குறைகள் தட்டாத வேலை இது.

வீடியோ செய்பவர்: வாரம் ஒரு சிறிய வீடியோ என்றால் ஏர் போதும். தொழிலே அதுதான் என்றால் 14 இன்ச் மேக்புக் ப்ரோவுக்குக் கீழே இறங்காதீர்கள். கேமரா கார்டைச் செருகும் இடமும் அதில் இருக்கிறது.

வாங்கும்போது

மாடல் பெயரை மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள். ஒரே பெயரில் பத்து உள்ளமைப்பு இருக்கும். பெட்டியில் உள்ள முழுக் குறியீட்டு எண்ணை வாங்கி, அதைத் தயாரிப்பாளர் தளத்தில் தேடி, ரேம், திரை, பேட்டரி மூன்றையும் உறுதி செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தொழிலுக்காக வாங்கினால் பதிவு எண்ணைக் கொடுத்து பில் போடச் சொல்லுங்கள். வரி 18 சதவீதம், அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். ஒரு லட்ச ரூபாயில் அது சிறிய தொகை அல்ல.

வாரண்டி எத்தனை ஆண்டு என்பதோடு, வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, மையத்துக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தென்காசியிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். தற்செயல் சேதக் காப்பீட்டை இந்த வகை லேப்டாப்புக்கு நாங்கள் பரிந்துரைக்கிறோம். பல மெல்லிய மாடல்களில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தது, ஒரு டம்ளர் காபி கொட்டினால் மாற்ற வேண்டியது மேல்மூடி முழுவதும்.

துபாயிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் கீபோர்டில் அரபு எழுத்துகள் இருக்கின்றனவா, அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று இரண்டையும் முன்பே கேளுங்கள். லண்டன் மாடலில் என்டர் விசையின் வடிவம் வேறு, சில குறியீடுகள் இடம் மாறியிருக்கும்.

முதல் வாரம்

பெட்டியைத் திறப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். பில், பெட்டி, லேப்டாப் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவற்றைச் சோதித்துவிட வேண்டும்: ஒவ்வொரு சி போர்ட்டிலும் சார்ஜ் ஏறுகிறதா, ஒவ்வொரு விசையும் பதிகிறதா, முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் திரையில் புள்ளியோ கறையோ தெரிகிறதா, டச்பேடு சரியாக வேலை செய்கிறதா.

இரவு 80 சதவீத சார்ஜில் மூடி வைத்து, காலையில் திறந்து பாருங்கள். ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அது சரியாகத் தூங்கவில்லை. விண்டோஸ் லேப்டாப்களில் இது அடிக்கடி வரும் தொல்லை. மூடிய பிறகும் பின்னணியில் நெட்டோடு இணைந்தே இருக்கும்படி அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. பைக்குள் தானே விழித்து, சூடாகி, பேட்டரியைத் தீர்த்துவிடும். பவர் அமைப்பில், பேட்டரியில் இருக்கும்போது மூடியை மூடினால் ‘ஹைபர்னேட்’ (திறந்தவற்றைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி மாற்றுங்கள். திறக்கச் சில நொடி கூடுதலாகும், பை சூடாகாது.

மேஜையிலேயே சார்ஜரோடு வைத்திருப்பவர்கள் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும் வசதியை இயக்குங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலி, அசூஸில் மைஅசூஸ். வெப்கேமை மறைக்கும் பிளாஸ்டிக் மூடியை ஒட்டாதீர்கள். மூடிக்கும் கீபோர்டுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு, அழுத்தி மூடினால் திரை விரிசல் விடும். ஆப்பிளே இதை எச்சரித்திருக்கிறது.

அலுமினிய உடலைத் தடவும்போது மெல்லிய அதிர்வு போல விர்ரென்று உணர்ந்தால் லேப்டாப் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரில் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் உடல் வரை வரும். மூன்று முள் கேபிளோடு வேலை செய்யும் சார்ஜர் என்றால் அதற்கு மாறுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டு எர்த்தில்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, விண்டோஸ் 11 மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைப் பெரும்பாலும் தானாகப் பூட்டிவிடும். மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உங்கள் கோப்பு எதுவும் திறக்காது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். முதல் வாரத்திலேயே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.